சாட்சி ஞாயிறு

விபத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஒரே ஒரு சொல்லை மட்டும் உள்ளே எடுத்து வந்தார்கள். நல்லவேளை. நல்லவேளை, தலையில் அடிபடவில்லை. நல்லவேளை, காறையெலும்போடு போயிற்று. நல்லவேளை, கண்மாயில் தண்ணீர் இல்லாத பக்கம். ஆப்பிளும் ரொட்டியும் இருந்த பையை மேசைமேல் வைத்துவிட்டு, மின்விசிறிக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நல்லவேளை நல்லவேளை என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கனிந்து கறுத்த வாழைப்பழத்தின் வாடைபோல அந்தச் சொல் எங்கள் முன்னறையில் தேங்கிக் கிடந்தது. ஜன்னலைத் திறந்து வைத்துப் பார்த்தேன். போகவில்லை.

என் மனைவி மிஷன் பள்ளியொன்றில் ஆசிரியை. பழங்காநத்தத்தில் எங்கள் சபையின் பெண்கள் சங்கம் ஒரு வேன் பிடித்து, திருவாதவூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துச் சபையின் அறுப்பின் பண்டிகைக்குப் போயிருந்தது. வயலில் விளைந்ததையும் வீட்டில் வளர்ந்ததையும் கொண்டுவந்து ஆலயத்தில் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் ஏலம் போடுவார்கள். பூசணிக்காய், வாழைத்தார், காலைக் கட்டிய சேவல். சிரித்துச் சிரித்து விலையை ஏற்றி, ஒருவர் கையிலிருந்து ஒருவர் பிடுங்காத குறையாக எடுப்பார்கள். அப்புறம் எல்லோருக்கும் கறிச்சோறு. சாப்பிட்டு, மிச்சத்தை வீட்டுக்குக் கட்டிக்கொண்டு, சாயங்காலம் திரும்பும்போது கண்மாய்க்கரை வளைவில் டயர் வெடித்தது. வேன் சரிந்து உருண்டது. உடைந்தும் கிழிந்தும் எல்லோரும் வெளியே வந்தார்கள். ஒருவர் மட்டும் வரவில்லை.

அந்த ஒருவர் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தவர். சபையில் எந்தச் சமையல் என்றாலும் அவர்தான் கரண்டி பிடிப்பார். எங்கள் வீட்டில் அக்கா என்றால் அவர்தான், வேறு ஆள் கிடையாது. அவருடைய கணவர், நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுபவர், அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை. அக்காவை அடக்கம் செய்த அன்று என் மனைவி தோளில் வார்க்கட்டோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வீடு திரும்பிய பிறகும் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. கடைக்குப் போவதென்றாலும் அந்தத் தெருவை விட்டுவிட்டுச் சுற்றிப் போனாள்.

"ஒரு எட்டு அண்ணனப் பாத்துட்டு வருவமா?" என்று கேட்டேன்.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பாக்குறது?" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது.

வந்தவர்களுக்கோ பேச்சு முடியவே இல்லை. எப்படி டீச்சர் ஆச்சு? மொதல்ல சத்தம் கேட்டுச்சா, இல்ல வண்டி சாஞ்சுச்சா? டீ டம்ளரை வாய்க்குப் பாதி தூரத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு கேட்டார்கள். கண்களில் ஈரம் இருந்தது. ஈரத்துக்கு அடியில், இலை போட்டாயிற்று, இன்னும் பரிமாறவில்லையே என்கிற பொறுமையின்மை இருந்தது. தூரத்து உறவுக்காரர் ஒருவர் தன் போனை எடுத்து யாரோ கரையில் நின்று எடுத்த வீடியோவை ஓடவிட்டார். "இந்தா, இதுல நீதாம்மா உக்காந்திருக்க. நல்லாத் தெரியுற பாரு." என் மனைவி பார்த்தாள். புழுதியில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, எழுந்து போய், ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவினாள். மனிதர்கள் மேல் எனக்கு எப்போதுமே பெரிய பிரியம் ஒன்றும் இருந்ததில்லை. ஆனால் அந்த மாதம்தான் அது அருவருப்பாக மாறியது.

அவள் பள்ளிக்கு நடந்தே போனாள். பக்கத்தில் ஆட்டோ ஒன்று வேகம் குறைத்தாலும் சுவரோரம் ஒட்டி நின்றாள். வண்டியில் என் பின்னால் உட்கார மாட்டாள். வகுப்பில் பாடம் மட்டும் எப்போதும்போல நடந்ததாம். வீட்டில் உப்பு, புளி, கேஸ் புக் பண்ணியாச்சா. அவ்வளவுதான் பேச்சு. அக்கா என்ற சொல்லே அவள் வாயிலிருந்து உதிர்ந்துபோயிருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் எங்கள் சபையின் செயலாளர் வந்தார். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் ஒரு நிகழ்ச்சியாக மாற்றாமல் அவரால் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது.

"டீச்சர், கமிட்டில முடிவு பண்ணிட்டோம். வர்ற மூணாவது ஞாயித்துக்கிழமை ஸ்தோத்திர ஆராதனை. வேன்ல போயித் தப்பிச்ச எல்லாரும் மேடையேறி சாட்சி சொல்றீங்க. ஆண்டவர் எப்படிக் காப்பாத்தினார்னு. நீங்கதான் மெயின். உங்களுக்குத்தான் பேச்சு நல்லா வரும்."

என் மனைவி தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மனசுக்குள்ளயே வச்சுப் புழுங்குனா ஆகாது டீச்சர். வெளிய சொல்லிட்டா பாரம் எறங்கிரும். ஊரே பயந்து போயிருக்கு. நீங்க பேசுனா அம்புட்டுப் பேருக்கும் ஆறுதல். சங்கப் புடவையக் கட்டிக்கிட்டு வந்துருங்க, எல்லாரும் ஒண்ணா நின்னா பாக்க நல்லாருக்கும்."

"அது ஆஸ்பத்திரில கத்திரி வச்சு வெட்டிட்டாங்க சார்."

"அதனாலென்ன, புதுசு எடுத்துத் தரச் சொல்லிர்றேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "சார், ப்ளெக்ஸ் அடிக்கப் போறோம். கவித எழுதுறவரு நீங்க, ஒரு நாலு வரி. எதுகை மோனையோட."

நேரமில்லை என்று சொல்லிவிட்டேன். ஆனால் அவர் சொல்லி வாய் மூடுவதற்குள்ளேயே முதல் இரண்டு வரி, எதுகையோடு, என் நாக்கின் அடியில் வந்து உட்கார்ந்துவிட்டது. எச்சிலை விழுங்கினேன். வீடு தீப்பிடித்தாலும் சுடருக்கு ஓர் உவமை தேடும் இந்தப் பிழைப்பு. சீ.

அவர் போன பிறகு அவள் கேட்டாள். "அண்ணனும் வருவாரா?"

"எங்க வர?"

"ஞாயித்துக்கிழம."

வருவார். முன்வரிசையில் உட்காரவைப்பார்கள். ஆண்டவர் காப்பாற்றினார் என்று இவள் ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். ஆண்டவர் காப்பாற்றாத ஒருத்தியின் கணவர் கீழே உட்கார்ந்து அதைக் கேட்க வேண்டும். எங்கள் இருவருக்கும் அது ஒரே நேரத்தில் விளங்கியது.

ஸ்தோத்திர ஆராதனைக்கு முன்னால் மனங்களைச் சரிப்படுத்த வேண்டும் அல்லவா? சென்னையிலிருந்து ஒரு தொண்டு நிறுவனத்துக்காரர்கள் வந்தார்கள், ஒரு பெண்ணும் ஓர் இளைஞரும். கெட்டவர்கள் இல்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சபையின் கூடத்தில் வேன் பெண்களை வட்டமாக உட்காரவைத்து, கையில் சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் கொடுத்தார்கள். சுவரில் பச்சைக் காகிதத்தில் வெட்டிய நம்பிக்கை மரம். அதற்கு இலை ஒட்ட வேண்டுமாம். நான் கதவோரம் காத்திருந்தேன்.

"உங்க மனசுல இப்ப என்ன இருக்கோ அத வரைங்க. யோசிக்காம வரைங்க" என்றார் அந்தப் பெண்.

எங்கள் தெருமுனையில் இட்லி மாவு விற்கும் பெண்ணும் அந்த வேனில் போனவர்தான். தையல் போட்ட நெற்றியோடு குனிந்து, ஆரஞ்சு நிறத்தில் பெரிய வட்டமாக ஒன்றை வரைந்து வைத்திருந்தார். பயிற்சி நடத்திய அந்தச் சென்னைப் பெண் அதை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தார்.

"பாருங்க, சூரியன். இவ்வளவு இருட்டுக்குள்ளயும் இவங்க மனசுக்குள்ள ஒரு விடியல் இருக்கு."

"சூரியன் இல்ல மேடம்" என்றார் மாவுக்காரர். "பூசணிக்கா."

பயிற்சியாளர் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"ஏலத்துல எடுத்தேன் மேடம். வேன் சீட்டுக்கடியில உருட்டி விட்டிருந்தேன். இன்னேரம் அழுகி ஊத்திருக்கும். கண்ண மூடுனா அதுதான் வந்து நிக்குது."

"என் தூக்குச்சட்டியும் அங்கதான கெடக்கு" என்றார் இன்னொருவர். "எங்க மாமியா வீட்டுச் சட்டி. தெனமும் கேக்குது கெழவி." "என் பை. பைக்குள்ள கண்ணாடி." "ஏய், உன் வாழத்தாரு?" "தாரு போயித் தொலையுது, என் புதுச் செருப்பு!" வட்டம் குலைந்தது. பசைக்குச்சியும் காகித இலையுமாகப் பயிற்சியாளர் நின்றுகொண்டிருந்தார்.

என் மனைவி சார்ட் பேப்பரில் ஒன்றும் வரையவில்லை. அந்த இரைச்சலுக்கு நடுவே மெதுவாகச் சொன்னாள். "அக்காவோட டிபன் கேரியரும் அங்கதான் இருக்கு."

அந்தச் சொல்லை அன்றுதான் மறுபடி கேட்டேன்.

வேனை அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள். மறுநாளே எல்லோரும் கிளம்பினார்கள். வேன் பிடிப்பது பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. டவுன் பஸ்ஸில் மாட்டுத்தாவணி, அங்கிருந்து இன்னொரு பஸ். படிக்கட்டில் என் மனைவி கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் கூட்டம் முட்டியது. மாவுக்காரர் அவள் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு கத்தினார்.

"கண்டக்டரே! டயரெல்லாம் நல்லாருக்கா?"

"ஏங்க்கா, வெலைக்கு வேணுமா?"

"குடுக்குற வெலையப் பாத்துச் சொல்றேன். டிரைவர் அண்ணே தூங்கிக்கீங்கிருப்பாரு, ஒரு குரல் குடுத்து வைங்க."

பஸ்ஸே சிரித்தது. என் மனைவி சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, மாவுக்காரரின் தோளில் நெற்றியை முட்டுக்கொடுத்து, வழி நெடுக அப்படியே வந்தாள். ஆனால் வந்தாள்.

காவல் நிலையத்தின் பின்புறம், புளியமரத்தடியில், ஒரு பக்கம் நசுங்கி நின்றது வேன். கிட்டே போவதற்கு முன்பே நாற்றம் எதிர்கொண்டது. நாற்றம் என்று எழுதும்போது எவ்வளவு சுத்தமாக இருக்கிறது அந்தச் சொல். அதுவோ மூக்கில் நுழையவில்லை, வாயில் நுழைந்தது. கதவை நெம்பித் திறந்ததும் ஈக்கள் ஒரு கறுப்புத் துணியைப்போல எழுந்து மறுபடி படிந்தன. பூசணிக்காய் தன் பாரத்திலேயே உட்கார்ந்து, இருக்கைக்கு அடியில் ஆரஞ்சுக் கூழாகி, அதன்மேல் சாம்பல் முடி முளைத்திருந்தது. வாழைத்தார் தார்போல உருகி வழிந்திருந்தது. செருப்புகள், கண்ணாடித் தூள், ஜெபப் புத்தகம், உடைந்த வளையல்.

"இதுக்குள்ள ஒரு சேவ இருந்துச்சே சார்?" என்று ஒரு பெண் காவலரிடம் கேட்டார்.

"சேவலா?" காவலர் மீசையைத் தடவிக்கொண்டார். "அதுக்கு அன்னைக்கே ஜாமீன் கெடச்சிருச்சும்மா."

"எந்த வக்கீலு சார் மசாலா அரைச்சது?"

நான் மரத்துக்குப் பின்னால் போய்க் காலையில் குடித்த காபியை வாந்தியெடுத்தேன். "ஏன் சார், கவித எழுதுறவருக்கு இம்புட்டுத்தானா தெம்பு?" என்று யாரோ சொன்னார்கள். சேலைத் தலைப்பை மூக்கில் சுற்றிக்கொண்டு பெண்கள் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்கள். வளாகத்துக் குழாயடியில் வட்டமாகக் குந்தினார்கள். மண்ணையும் தேங்காய் நாரையும் போட்டுத் தேய்க்கத் தொடங்கினார்கள். இந்த வட்டத்தை யாரும் போடச் சொல்லவில்லை.

பேச்சு எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. வாயைக் கொப்பளித்துவிட்டு நான் திரும்பி வந்தபோது அது பாதியில் இருந்தது.

"கவுந்தப்ப என் மேல உக்காந்தது யாரு?"

"நாந்தேன்."

"அதான பாத்தேன். கிரேன் வச்சு வேனத் தூக்கிட்டாய்ங்க, உன்னத் தூக்க முடியல."

"யாரோ பாடிக்கிட்டே இருந்தாகல்ல? எனக்குக் கேட்டுச்சு."

"பாட்டா? அடி கூறுகெட்டவளே, அது ஹாரன். நிக்காம அடிச்சிக்கிட்டே கெடந்துச்சு."

"ஹாரனா அது? நான் இம்புட்டு நாளா அத மோட்சத்துப் பாட்டுன்னுல்ல நெனச்சிருந்தேன்."

இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்து முடித்தவர்களில் ஒருவர் அப்படியே அழுதார். யாரும் அவரைத் தேற்றவில்லை. கையில் இருந்த சட்டியை மட்டும் பக்கத்தில் இருந்தவர் வாங்கித் தேய்த்தார். ஒருவருக்கு வெடித்த சத்தம் நினைவிருந்தது. ஒருவருக்கு அது சுத்தமாக இல்லை, புழுதிதான் இருந்தது. ஒருவர் கொண்டுவந்த நினைவுத் துண்டை இன்னொருவர் தன் துண்டோடு வைத்துப் பார்த்தார். அது அப்புறம்டீ, இல்ல அதுக்கு முந்தி, நீ அப்ப கதவு பக்கம் கெடந்த. எங்கள் முன்னறையில் டீ டம்ளரோடு உட்கார்ந்து கேட்டவர்களுக்குக் கிடைக்காதது, அழுகல் நாற்றத்தில் தானாக வந்து விழுந்துகொண்டிருந்தது.

என் மனைவியின் கையில் அக்காவின் டிபன் கேரியர் இருந்தது. கொக்கி இறுகியிருந்தது. கல்லால் தட்டித் திறந்தாள். மேலடுக்கில் சோறு, பச்சையும் கறுப்புமாக. கீழடுக்கில் கறி. அது நெளிந்துகொண்டிருந்தது. வெள்ளை வெள்ளையாக, கொழுகொழுவென்று, அவசரமே இல்லாமல். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் திருப்பவில்லை.

"அண்ணனுக்குன்னு தனியாக் கேட்டு வாங்குனாங்க" என்றாள். "எலும்பு இல்லாமப் போடு, அவருக்குப் பல்லு ஆடுதுன்னு பரிமாறுறவர்கிட்டச் சண்ட போட்டாங்க. மடியில வச்சுக்கிட்டுத்தான் வந்தாங்க. ஒரு கை கேரியர்ல. ஒரு கையி என் கையில. வண்டி சாஞ்சதும் அந்தக் கை இருந்துச்சு. அப்புறம் இல்ல."

அவள் கையாலேயே அந்தக் கறியை வழித்து மரத்தடியில் போட்டு மண் தள்ளினாள். ஓர் அடுக்கை மாவுக்காரர் வாங்கிக்கொண்டார், இன்னொன்றை இன்னொருவர். எல்லோரும் சேர்ந்து தேய்த்தார்கள். எவர்சில்வர் பளபளக்கிற வரைக்கும், அதற்குப் பிறகும்.

பழங்காநத்தத்தில் இறங்கி நடந்தால், சபை வாசலில் ப்ளெக்ஸ் ஏறியிருந்தது. மரணத்தின் வாசலிலிருந்து மீட்கப்பட்டோம் என்று தங்க நிறத்தில் எழுத்து. கீழே வேன் கிளம்புவதற்கு முன் எல்லோரும் சேர்ந்து நின்று எடுத்துக்கொண்ட போட்டோ. சங்கப் புடவையில், சிரித்துக்கொண்டு. அந்தப் போட்டோவில் அக்கா என் மனைவிக்குப் பின்னால் நின்றிருந்தார். ப்ளெக்ஸில் அவர் நின்ற இடத்தில் பனிமலையும் உதயசூரியனும் இருந்தன. ஆளை வெட்டியெடுத்துவிட்டார்கள். என் மனைவியின் தோளில் அவர் போட்டிருந்த கையை மட்டும் வெட்ட முடியவில்லை. மணிக்கட்டு வரைக்கும், வாட்சோடு, நான்கு விரலும் அழுந்த, அந்தக் கை அங்கேயே இருந்தது. சூரியனிலிருந்து முளைத்து வந்ததுபோல.

பைகளோடு பெண்கள் அண்ணாந்து நின்றார்கள். ஸ்கூட்டரில் வந்த செயலாளர் காலூன்றி நிறுத்தினார்.

"எப்படி வந்திருக்கு டீச்சர்?"

"அந்தக் கை யாருது சார்?" என்று கேட்டாள் என் மனைவி.

"எந்தக் கை?" கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "அடடே. ஆமா. ப்ளெக்ஸ்காரன் கவனிக்காம விட்டுட்டான். நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க, நாளைக்கே சரிபண்ணச் சொல்லிர்றேன்."

"எப்படிச் சரிபண்ணுவீங்க?"

"கைய எடுத்துறச் சொல்றேன்."

அவர் அதைச் சொன்ன விதத்தில் ஒரு துளி கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மறுநாள் பார்த்தபோது அந்தக் கையின் மேல் ஒரு ரோஜாப்பூ ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

காவல் நிலையத்திலிருந்து திரும்பிய அன்று சாயங்காலமே என் மனைவி கேரியரை எடுத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குள் நுழைந்தாள். நான் கூடப் போனேன். அண்ணன் கதவைத் திறந்து, கேரியரைப் பார்த்து, கைநீட்டி வாங்கிக்கொண்டார். உட்காரச் சொன்னார். வீடு அளவுக்கு மீறிச் சுத்தமாக இருந்தது.

"எந்த டயரு டீச்சர்?" என்று கேட்டார்.

இத்தனை நாளில் அவரிடம் அதை யாரும் சொல்லவில்லை. தேவசித்தம் என்று சொன்னார்கள், தூக்கத்தில் போனதுபோலப் போய்விட்டார் என்று சொன்னார்கள். முப்பது வருடத்துக்குமேல் ஸ்டியரிங் பிடித்த மனிதருக்கு எந்த டயர் என்று ஒருவரும் சொல்லவில்லை.

"முன்னாடி எடது பக்கம்ணே."

"வெடிச்சதும் பிரேக்க மிதிச்சானா?"

"மிதிச்சாரு. அப்பத்தான் இழுத்துச்சு."

"மிதிக்கக் கூடாது" என்றார், தரையைப் பார்த்து. "மிதிக்கவே கூடாது." பிறகு, "அவ பயந்தாளா?"

"பயந்தாங்க அண்ணே. ரெண்டு பேருமே பயந்தோம்."

தலையாட்டினார். அந்தப் பதில் அவருக்கு வேண்டியிருந்ததுபோல இருந்தது. எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு சொன்னார். "ஞாயித்துக்கெழம வரச் சொல்லிருக்காக. முன்னால உக்காரணுமாம். என்னையும் பேசச் சொன்னாக, எனக்கு வராதுன்னுட்டேன். நீங்க பேசுறீகளாமே. பேசுங்க டீச்சர். நீங்க நல்லாப் பேசுவீகன்னு அவ சொல்லிக்கிட்டே இருப்பா."

சனிக்கிழமை மத்தியானம் அவள் என் மேசைப் பக்கம் வந்து நின்றாள். "நீங்கதான் எழுதுறவராச்சே. ஒரே ஒரு வாக்கியம் எழுதிக் குடுங்க. என்னையக் காப்பாத்துனாருன்னு நான் சொல்லணும். ஆனா அண்ணன் காதுல விழும்போது அது அக்காவ விட்டுட்டாருன்னு கேக்கக் கூடாது."

எழுதினேன். அடித்தேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்த வாக்கியத்துக்குள் ஒருவர் இறந்தார். "வரல" என்றேன்.

"வராது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்து வழிந்தது. எங்கள் கோயிலில் இன்றைக்கும் இடப்பக்கம் பெண்கள், வலப்பக்கம் ஆண்கள். கைக்குழந்தைகூட அழுது அடம்பிடித்தால்தான் நடுப்பாதையைத் தாண்டும். பெண்கள் பக்கம் முதல் வரிசையில் வேன் பெண்கள், புதுச் சங்கப் புடவையில். என் மனைவி மட்டும் பழைய கைத்தறிச் சேலை. ஆண்கள் பக்கம் முதல் பெஞ்சில் அண்ணன், தன்னந்தனியாக. துக்கக்காரருக்கு மரியாதை என்று பெஞ்சு முழுவதையும் அவருக்கே விட்டுவிட்டார்கள். மரியாதைதான். தொற்றுநோய்க்காரருக்கும் அப்படித்தான் விடுவோம். நான் அவருக்குப் பின்பெஞ்சில்.

காணிக்கை அறிவிப்புகளை வாசித்தார்கள். பிறந்தநாளுக்கு ஸ்தோத்திரம், திருமண நாளுக்கு, புது வண்டி வாங்கியதற்கு, வேன் விபத்தில் காக்கப்பட்டதற்கு, வீட்டுமனைப் பத்திரம் முடிந்ததற்கு. ஒரே குரலில், ஒரே வேகத்தில். பிறகு செயலாளர் மைக்கைப் பிடித்தார். "முதலாவதாக, நம்முடைய டீச்சர் தம் சாட்சியைச் சொல்ல வருவார்கள்."

என் மனைவி எழுந்தாள். மேடைப் படிவரைக்கும் போனாள். செயலாளர் மைக்கை அவள் உயரத்துக்கு இறக்கினார். அவள் படியில் கால் வைக்காமல் வலப்பக்கம் திரும்பி, நடுப்பாதையைத் தாண்டி, ஆண்கள் பக்கம் வந்து, முதல் பெஞ்சில் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.



"இது ஆம்பளைக பக்கம் டீச்சர்" என்றார் அண்ணன், உதடு அசையாமல்.

"தெரியும்ணே."

செயலாளர் தொண்டையைச் செருமினார். "டீச்சருக்கு இன்னும் உடம்பு தேறல. ஜெபிப்போம். அடுத்ததாக..." மாவுக்காரரைக் கூப்பிட்டார். அவர் விறுவிறுவென்று எழுந்து, மைக்கைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, நேராக இந்தப் பெஞ்சுக்கு வந்து, "தள்ளி உக்காருங்க டீச்சர், இடுப்புப் புடிச்சிருச்சு" என்று உட்கார்ந்தார். மூன்றாவதாகக் கூப்பிடப்பட்டவர் மேடையேறினார். சாட்சி சொன்னார். அழுதுகொண்டே, தன் குழந்தைகளின் முகத்தை மறுபடி பார்க்க வைத்ததற்கு நன்றி சொன்னார். அருவருப்பைத் திரட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் விஷயத்தில் அது வரவில்லை. அவர் சொன்னதும் நிஜம். அவருக்குப் பிறகு இரண்டு பேர் எழுந்து இந்தப் பக்கம் வந்தார்கள். சிலர் எழவே இல்லை. பெண்கள் பக்கத்திலிருந்து புடவை சரசரக்க முணுமுணுப்பு கிளம்பியது. எனக்குப் பின்னாலிருந்து ஒருவர், "இதென்ன புதுப் பழக்கம்" என்றார்.

பாடல் தொடங்கி எல்லோரும் எழுந்து நின்றபோது அந்தப் பெஞ்சு மட்டும் உட்கார்ந்திருந்தது. அண்ணன் குனிந்தபடியே பேசினார்.

"போயிச் சொல்லிருக்கலாம் டீச்சர். எனக்கு ஒண்ணுமில்ல."

"எனக்கு இருக்குண்ணே."

அவர் தன் கைக்குட்டையை எடுத்து, விரித்து, மறுபடி மடித்தார்.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் செயலாளர் விரைந்து வந்தார். கோபமாக வருகிறார் என்று நினைத்தேன். அவர் முகமெல்லாம் மலர்ச்சி. "டீச்சர், அருமை. வாயே தெறக்காம ஒரு சாட்சி சொன்னீங்க பாருங்க, எல்லார் கண்ணுலயும் தண்ணி. அடுத்த வருசத்துல இருந்து இதையே ஆறுதல் ஞாயிறுன்னு வச்சிரலாம்னு ஆயர்கிட்டச் சொல்லிட்டேன். அண்ணனோட எல்லாரும் ஒரு வரிசையா நில்லுங்க, ஒரே ஒரு போட்டோ."

இந்த மனிதருக்குச் செரிக்காதது என்று உலகத்தில் ஒன்று கிடையாது.

"அது சாட்சியில்ல சார்" என்றாள் என் மனைவி. "அண்ணன் தனியா உக்காந்திருந்தாரு."

"அதத்தான் டீச்சர் நானும் சொல்றேன்" என்று அவர் போனை உயர்த்தினார்.

"போன உள்ள வைங்க சார்" என்றார் மாவுக்காரர்.

செயலாளர் சிரித்தார். மாவுக்காரர் சிரிக்கவில்லை. அண்ணன் அதற்குள் நடக்கத் தொடங்கியிருந்தார். என் மனைவி செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, என்னைப் பார்த்து, நீங்க வண்டியில போங்க, நான் அவரோட நடந்து வாரேன் என்று சொல்லிவிட்டு, அவருக்குப் பின்னால் போனாள்.